குடும்ப ரகசிய நாவல் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் திருத்துங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பேர் கூடிக் கைப்பிரதி வாசிக்கிறோம். வருவதில் அதிகம் ஒரே வகை நாவல்தான். ஒரு வீடு, அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம், அதைத் தேடிப் போகும் மகள் அல்லது பேரன், பக்கத்துக்குப் பக்கம் ஏறும் பயம். எழுதுகிறவர்கள் மாறினாலும் பழுது அதே ஐந்தாறு இடத்தில்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் பிரதியை வாசித்தவர் சொன்ன குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு பின்னேரத்தில் முடிகிற திருத்தம் முதலில் இருக்கும், ஒரு மாரிகாலம் முழுக்கத் தின்கிற திருத்தம் கடைசியில் இருக்கும். முதலாவது சரிவந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

## "இருபதாம் பக்கத்திலயே பிடிச்சிட்டன்"

முதலில் முன்கதையைப் பாருங்கள். முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டு பக்கம், மழை இரவு, கிணற்றடி, கையில் குழந்தையோடு ஒரு பெண். இப்படி ஒன்று இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் மிச்சத்தைக் கொடுங்கள். அவருக்கு ஒன்றும் விடுபட்டதாகத் தெரியாவிட்டால் வேலை முடிந்தது. தலைப்பையும் அத்தியாயப் பெயர்களையும் அதே கண்ணால் பாருங்கள். "பெறாத தாய்" என்று பெயர் வைத்துவிட்டு, அம்மா யார் என்பதை ரகசியமாக வைத்திருக்க முடியாது.

அதிலும் பழுது இல்லையென்றால் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தடயத்தின் கீழும் கோடிடுங்கள். கோடுகள் பந்தியின் கடைசி வரியில் விழுகின்றனவா? அப்படியானால் நீங்களே வாசகரின் தோளைத் தட்டிக் காட்டிக்கொடுக்கிறீர்கள். தடயத்தை ஒரு வேலையின் நடுவில் வையுங்கள். அம்மா பாயில் நெல் பரப்பிக்கொண்டே, "உனக்கு அம்மை போட்ட நேரம் மண்டூரில ஒரு டொக்டர்தான் பார்த்தவர்" என்கிறாள். உடனே கோழி வந்து நெல்லைக் கொத்துகிறது, மகள் எழும்பித் துரத்துகிறாள். பிறந்ததிலிருந்து ஆரையம்பதியை விட்டு எங்கும் போய் இருக்கவில்லை என்று நாலாம் பக்கத்தில் சொல்லப்பட்ட குடும்பம் அது. மண்டூர் எங்கே வந்தது என்பது எழுபது பக்கம் கழித்து உறைத்தால் போதும்.

செலவு கூடிய காரணம், கதையில் ஒரே ஒரு விடைதான் இருப்பது. கடைசி ஐம்பது பக்கத்தை மூடி வைத்துவிட்டு, மிச்சக் கதைக்கு வேறொரு முடிவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா? வாசகருக்கும் வேறு வழி இல்லை, அதனால்தான் நேரே வந்து சேர்ந்துவிட்டார். உண்மையைப் போலவே வலிக்கக்கூடிய ஒரு பொய்விடை வேண்டும். "அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது" என்று மகள் நம்பி, அதற்காக அழுது, அவரோடு பேசாமலும் இருந்துவிட்டால், "அம்மா என்னைப் பெறவில்லை" என்பது அதன் நிழலில் மறைந்து நிற்கும். இதற்கு முழுப் பிரதியையும் மறுபடி எழுத வேண்டிவரும்.

## "கடைசியில ஏமாத்திப்போட்டீங்க"

மேலே சொன்ன குறைக்கு எதிர்ப்பக்கம் இது. ரகசியத்தின் சொந்தக்காரர் முதல் முறை எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று பாருங்கள். கதையின் கால் பங்கு கழிந்த பிறகுதான் வருகிறார் என்றால் அவரை முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு திருமண வீட்டில் பாய் விரிக்கிற ஆளாகவாவது வரட்டும்.

"நான்" என்று சொல்லும் கதையென்றால் இன்னொரு சோதனை உண்டு. கதைசொல்லிக்கு உண்மை தெரியும் என்ற நினைப்போடு முழுதையும் வாசியுங்கள். ஒவ்வொரு வசனமும் இரண்டு வாசிப்பிலும் மெய்யாக நிற்க வேண்டும். "அன்று இரவோடு தங்கச்சி எங்கள் வீட்டை விட்டுப் போனாள்" என்பது இறந்தவளுக்கும் பொருந்தும், ஓடிப்போனவளுக்கும் பொருந்தும், யாரிடமோ கொடுக்கப்பட்டவளுக்கும் பொருந்தும். "தங்கச்சி செத்துப்போனாள்" என்று எழுதிவிட்டு முந்நூறாம் பக்கத்தில் அவளை உயிரோடு கொண்டுவந்தால் வாசகர் கோபிப்பது நியாயம்.

அதுவும் போதாவிட்டால், கதைசொல்லி இந்தக் கதையை யாருக்குச் சொல்கிறாள் என்று கேளுங்கள். பொலிஸாருக்கோ தன் மகளுக்கோ சொல்கிறாள் என்றால் மறைப்பது இயல்பு. யாருமே கேட்காத இடத்தில் தன் நெஞ்சுக்குள்ளேயே ஏன் மறைக்கிறாள்? பதில் இல்லையென்றால் படர்க்கைக்கு மாற்றுங்கள். பெரிய வேலைதான், ஆனால் மாற்றியவர்கள் யாரும் பழையபடி திரும்பிப் போனதில்லை.

## நடுவில் கதை படுத்துவிடுகிறது

வருகிற பிரதிகளில் பெரும்பாலானவை விழுவது இங்கேதான். தேடிப்போகும் பெண் ஒரு மாமியின் வீட்டுக்குப் போகிறாள், தேத்தண்ணி வருகிறது, மாமி கொஞ்சம் சொல்கிறார். அடுத்த நாள் பெரியப்பா வீடு, தேத்தண்ணி, இன்னும் கொஞ்சம். நாங்கள் இதற்குத் "தேத்தண்ணி அத்தியாயம்" என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

முதல் சோதனை சின்ன அட்டைகளில். அத்தியாயத்துக்கு ஓர் அட்டை, அதில் ஒரே ஒரு கேள்விக்கு விடை: இந்த அத்தியாயம் முடியும்போது யார் எதை இழந்தார்? தொடர்ந்து மூன்று அட்டையில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் தொய்வு அந்த இடத்தில் இருக்கிறது. மூன்று தேத்தண்ணியை ஒன்றாக்குங்கள். ஒருவரையாவது படலையைத் திறக்காமல் திருப்பி அனுப்பச் செய்யுங்கள்.

இது ஓரளவுக்குத்தான் தாங்கும். உண்மையான பழுது இன்னும் கீழே இருக்கிறது. தேடுகிறவள் மட்டும் ஓடித் திரிகிறாள், மறைக்கிறவர் பேசாமல் கதிரையில் இருக்கிறார். ரகசியம் என்றால் என்றோ ஒருநாள் நடந்து முடிந்த சம்பவம் என்று எழுதுகிறவர் நினைத்துவிடுகிறார். அப்படி இல்லை. ரகசியம் என்பது ஒருவர் தினமும் எழும்பிச் செய்கிற வேலை. அந்த வேலையைக் காட்டினால் பயம் தானாக வரும்.

கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிரதியில் அக்கா என்று அழைக்கப்படுகிறவள்தான் உண்மையில் தாய், அம்மா என்று அழைக்கப்படுகிறவர் அம்மம்மா. நல்ல கரு. நூறு பக்கம் கழிந்தும் ஒரு மூச்சும் இல்லை. அந்த அம்மம்மாவின் பெயரில் ஒரு கொப்பி போட்டு, இருபத்தாறு வருடமும் அவர் என்னென்ன செய்தார் என்று நாட்குறிப்பு மாதிரி எழுதச் சொன்னோம், நாவலுக்காக அல்ல. என்னென்ன வந்தன தெரியுமா? கிளினிக் அட்டையை எப்போதும் தானே கையில் வைத்திருந்தது. பாடசாலைப் படிவத்தைப் பிள்ளை தூங்கிய பிறகு நிரப்பியது. கனடாவிலிருந்து தங்கை வந்து நின்ற மூன்று கிழமையும் அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்தது. அல்பத்தில் ஒரு படத்தை எடுத்துவிட்டு, வெற்றிடம் தெரியாமல் இருக்க மற்றப் படங்களை நகர்த்தி ஒட்டியது. அக்காவுக்கு வந்த நல்ல கலியாணம் ஒன்றைக் குழப்பியது, ஏனென்றால் போகும்போது அவள் பிள்ளையையும் கேட்டுவிடுவாள்.

நாற்பது பக்கக் கொப்பியில் நாவலுக்குள் போனது ஆறு பக்கம்தான், அதற்குப் பிறகு அந்த நாவல் எழும்பி நின்றது. இன்னொன்றும் தெளிவானது. அவர் மறைத்தது ஊர் சிரிக்கும் என்ற வெட்கத்தால் அல்ல, பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தால். உங்கள் பிரதியில் மறைப்பவருக்கு "குடும்ப மானம்" என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் கொப்பியைத் திறந்து இன்னும் எழுதுங்கள். மானம் முதல் வருடத்துக்குக் காணும், இருபத்தாறு வருடத்துக்குக் காணாது.

## "இந்த ஊருல இது தெரியாம இருக்குமா?"

எங்கள் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது, கேட்பதும் சரிதான். சுலபமான திருத்தம், ஊருக்குத் தெரியட்டும் என்று விட்டுவிடுவது. பிரசவம் பார்த்த மருத்துவிச்சி, கிராம சேவகர், கோவிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், காணி உறுதி எழுதிய நொத்தாரிசு, வேலிக்கு அந்தப்பக்கத்து மச்சாள் என்று யார் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே, ஏன் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாதவள் அந்தப் பிள்ளை மட்டும்தான். அவள் கடைக்குள் நுழையும்போது பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு பருப்பு விலையில் தொடங்குகிறது. யாருக்குமே தெரியாத ரகசியத்தைவிட இது எவ்வளவோ பயங்கரம்.

அடுத்தது, வீடு யாருடையது? தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த அமைப்பை அப்படியே தூக்கி வருகிறார்கள். புதுமருமகள் கணவனின் பழைய வீட்டுக்கு வருகிறாள், மாமியார் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வழக்கம் மறுபக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்தவர்தான் அந்த வீட்டுக்குப் போய் இருக்கிறார். வெளியாள் மருமகன். பூட்டிய அறை பெண்ணின் தாய்வழியில் இருக்கும், அதன் சாவி அம்மம்மாவின் இடுப்பில் இருக்கும். கோளாறு இதுதான் என்றால் பூட்டை மட்டும் மாற்றப் பார்க்காதீர்கள், கதையின் திசையையே திருப்பிவிடுங்கள். மாமனார் வீட்டில் பத்து வருடம் படுத்தெழும்பியும் அந்தப் பெண்களின் பேச்சுக்குள் நுழைய முடியாத ஒரு மருமகனின் கண்ணால் எழுதினால், இந்த வகை நாவலுக்கு நாங்கள் புதிதாக ஒன்றைக் கொடுத்தவர்களாவோம்.

குடி என்கிற தாய்வழி வம்சத்தை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. இங்கே பிள்ளைக்குத் தாயின் குடி. ஒரே குடிக்குள் இருப்பவர்கள் உடன்பிறப்பு முறை, கலியாணம் செய்வதில்லை. அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் குடி உண்டு. அப்படியானால் பெற்ற தாயை மாற்றிச் சொன்ன வீட்டில், கலியாணப் பேச்சு வந்தவுடனே நெருக்கடியும் வந்துவிடும். காரணம் சொல்லாமல் ஒரு நல்ல வரனை மறுக்கிற அம்மம்மா ஒருத்தி உங்கள் கதையில் இருந்தால், பூட்டிய அறையே தேவையில்லை.

மூன்றாவது காரணம் பாரதூரமானது. 1978 சூறாவளி, 1990 இன் இடப்பெயர்வுகள், 2004 சுனாமி ஆகியவற்றைச் சிலர் அழிறப்பர் மாதிரிப் பாவிக்கிறார்கள். சாட்சிகள் எல்லாரும் கடலோடு போய்விட்டார்கள், அதனால் ஒருவருக்கும் தெரியாது என்று. நாவலடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் வாசகர்கள். அந்த நாளைக் கதைக்குள் கொண்டுவந்தால் அதற்குரிய எடையோடு கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்தை எழுதுகிறீர்கள் என்றால், அந்தக் குடும்பங்களோடு வேலை செய்கிற ஒருவர் பிரதியை வாசிக்கும் வரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். ஒருவரின் சாட்சியத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போடவும் வேண்டாம்.

## ஆதாரம் பிழைக்கிறது

கதை நன்றாக ஓடி, உண்மையைத் திறக்கும் அந்தக் கடதாசியில் வந்து வழுக்குகிறது. இந்தப் பழுதுகளைத் திருத்துவது சுலபம், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடையாள அட்டை: பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த அன்று பிறந்த பெண் என்றால் இலக்கம் 78828 என்று தொடங்க வேண்டும். "சூறாவளிக்குள்ள பிறந்த புள்ள" என்று ஊரே அழைக்கிற பெண்ணின் அட்டை 77 இல் தொடங்குவதை வாசகர் தற்செயலாகக் காண்பது அருமையான தடயம். நீங்கள் அறியாமல் அப்படிப் போட்டிருந்தால் அது ஓட்டை. 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ்: பழைய படிவத்தில் பெற்றோர் விவாகமானவர்களா என்பதற்கு ஒரு கூடு இருக்கிறது, பதிவு செய்த திகதிக்கும் ஒரு கூடு. பிறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் இடையில் உள்ள தூரமே ஒரு கதை. இதை விட்டுவிட்டு ஒளித்து வைத்த கடிதத்தைத் தேடுகிறார்கள். கடிதத்தில் ஒரு தாய் தன் ரகசியம் முழுவதையும் மூன்று பக்கத்துக்கு எழுதி வைப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

இரத்த வகை: அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ. "அப்படியென்றால் நான் உங்கள் பிள்ளை இல்லை!" என்று கதாநாயகி கத்துகிறாள். தவறு. ஏ வகைக்கும் பி வகைக்கும் ஓ வகைப் பிள்ளை பிறக்கலாம். பெற்றோர் இருவரும் ஓ என்றால் பிள்ளை ஏ ஆகவோ பி ஆகவோ வருவது வழமையாக நடக்காது, அந்தச் சேர்க்கையைப் பாவியுங்கள். அதுவும் சந்தேகத்தைத் தொடங்கி வைக்கத்தான், முடிவு கட்ட டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும்.

மரணம்: வீட்டில் ஒருவர் திடீரென்று இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், தேவைப்பட்டால் உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். பின்வளவில் இரகசியமாகப் புதைத்துவிட்டார்கள் என்று எழுதுமுன், வேலி எத்தனை அடி உயரம் என்று யோசியுங்கள்.

காணாமல் போனவர்: 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இறந்தார் என்று எழுதாமலே ஆளைக் காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் எடுக்கலாம். ஒரே வீட்டில் தாய் இந்தச் சான்றிதழைக் கேட்க, மகன் மரணச் சான்றிதழைக் கேட்டால், யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி தானாக எழும்பும்.

நாளும் இடமும்: 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். ஒரு பிரதியில் பிள்ளைகள் சீருடையோடு பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லடியில் சூரியன் கடலில் எழும்பும், வாவிக்கு அப்பால் படும். எழுவான்கரை, படுவான்கரை என்று பெயரே சொல்கிறது, ஆனாலும் காதலர்கள் கடலில் அஸ்தமனம் பார்க்கும் பிரதி வருடத்துக்கு ஒன்றாவது வருகிறது. யூலையில் இங்கே வறண்ட கச்சான் காற்று, மாரி வருட முடிவில். 2013 க்கு முன் கல்லடியில் வாவியைக் கடக்க 1924 இல் திறந்த அந்த ஒடுங்கிய பாலம்தான் இருந்தது. இரண்டு வாகனம் அதில் ஒன்றையொன்று துரத்தி முந்த முடியாது.

உறுதி, சீதன எழுத்து, சுவீகாரம் ஆகியவற்றில் கதையின் முடிச்சு இருந்தால் எங்களைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் கேளுங்கள்.

## "கடைசியில விசர் எண்டு முடிச்சிட்டீங்க"

கதையிலிருந்து நோயை எடுத்துவிட்டு வாசியுங்கள். அந்த ஆள் செய்ததற்கு வேறு காரணம் எதுவும் மிஞ்சவில்லையென்றால் அந்த முடிவைக் கைவிடுங்கள். மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் ஏற்கெனவே போதிய அளவு மறைத்து வாழ்கின்றன, நீங்களும் ஒரு பூட்டுப் போட வேண்டாம். மறதி நோய் உள்ள அம்மம்மா உண்மையைக் கொட்டுகிற காட்சியென்றால், கிட்டடி நினைவு முதலில் போகும், பழையது கூடக் காலம் நிற்கும் என்பது சரி, ஆனால் அவர் வரிசையாகச் சொல்லமாட்டார். பேத்தியைத் தங்கச்சி என்று நினைத்து, "அவன் வந்தாக் கதவத் திறவாத புள்ள" என்பார், அவ்வளவுதான். நோயை மையமாக வைக்கிறவர்கள் ஒரு மனநல வைத்தியரிடமோ தாதியிடமோ பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

## கை ஓடவில்லை

கடைசியாக ஓர் அறிகுறி, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட அத்தியாயத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிடுகிறது. முதலில் சாதாரணக் களைப்பா என்று பாருங்கள். பத்து நாள் தள்ளி வைத்துவிட்டு, அந்த அத்தியாயத்தைத் தாண்டி அடுத்ததை எழுதுங்கள். எழுத வந்தால் பிறகு திரும்பி வரலாம்.

வரவில்லையென்றால், அது உங்கள் வீட்டுக் கதையா? அப்படியானால் இரண்டு விஷயம். உயிரோடு இருக்கிற ஒருவரை அடையாளம் தெரியும்படி எழுதியிருந்தால், 2002 இல் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டாலும் நட்டஈடு கேட்டு வழக்கு வைக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், அச்சுக்கு முன் சட்டத்தரணியைப் பாருங்கள். மற்றது, எழுத உட்காரும்போது நெஞ்சு படபடத்தாலோ, இரவில் தூக்கம் போனாலோ, எழுத்தை மூடி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், அல்லது தேசிய மனநல உதவி எண் 1926 ஐ அழையுங்கள். நாவலுக்காக அந்த வலியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எங்களிடம் வந்த ஒரு தங்கைக்கு ஒன்பதாம் அத்தியாயத்தில் இப்படி நின்றது. பதினொரு மாதம் அதே பக்கம். ஒருநாள் எழுதுவதை விட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் போய் நேரே கேட்டாள். பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், துணியில் சுற்றிய உறுதிக் கட்டோடு வந்து பக்கத்தில் இருந்தாராம். அன்று இருவரும் விடியும் வரை பேசியிருக்கிறார்கள். அவள் இப்போது வேறு நாவல் எழுதுகிறாள், அதற்கு நாங்கள் தேத்தண்ணி அத்தியாயங்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய பிரதி எட்டு அத்தியாயத்தோடு எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.